முக்காலி யார் மண்ணில் நிற்கிறது? இன்யோ கவுண்டியில் படப்பிடிப்பு அனுமதி

கலிஃபோர்னியாவில் குறும்படம் எடுக்கிற தமிழ் நண்பர்கள் பலருக்குக் கிழக்கு சியரா பக்கம் ஒரு கண் உண்டு. பனி மூடிய மலை, அடிவாரத்தில் உருண்டை உருண்டையாய்ப் பாறைகள், நடுவே நூல் பிடித்தது போல 395 நெடுஞ்சாலை. ஆள் நடமாட்டமே இல்லை, யாரைக் கேட்க வேண்டும் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

ஆள் இல்லை என்பது சரிதான். அந்தப் பகுதி பெரும்பாலும் இன்யோ கவுண்டிக்குள் வருகிறது. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 19,016 பேர். பரப்போ 10,000 சதுர மைலுக்கு மேல். ஆனால் உடைமையாளர் இல்லாத நிலம் ஒரு சாண்கூடக் கிடையாது. தனியாரிடம் இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் மத்திய அரசின் வெவ்வேறு துறைகள், மாநில அரசு, பழங்குடி அரசுகள், லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராட்சி என்று பிரிந்து கிடக்கிறது. அதனால் ‘கவுண்டியில் பெர்மிட் வாங்கிவிட்டோம்’ என்று ஒருவர் சொன்னால், எந்த இடத்துக்கு என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கவுண்டி தன் சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் கட்டடங்களுக்கும்தான் அனுமதி கொடுக்க முடியும். நீங்கள் படம் பிடிக்க நினைக்கும் பாறை பெரும்பாலும் அதில் வராது.

ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதற்கு முன் மண் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். கேமரா நிற்கும் இடம், நடிகர்கள் நிற்கும் இடம், வண்டிகள் நிறுத்தும் இடம், உள்ளே போகும் மண்சாலை ஆகிய நான்குக்கும் தனித்தனியாக அட்சரேகை, தீர்க்கரேகை குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருக்கட்டும். ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். பிறகு சொத்து வரிக்காக நிலங்களைப் பதிந்து வைக்கும் கவுண்டி அசெஸர் அலுவலகத்தின் பார்சல் (நிலத்துண்டு) வரைபடத்தில் அந்தப் புள்ளிகளை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பார்சல் எண்ணும் உரிமையாளர் விவரமும் கிடைக்கும். வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் ஆன்எக்ஸ் மாதிரியான செயலிகள் இதைக் கைபேசியிலேயே காட்டும். முதல் கட்டத் தேடலுக்கு அவை போதும், விண்ணப்பத்தில் எழுத அசெஸர் பதிவைத்தான் நம்ப வேண்டும்.

வேலியைப் பார்த்து எல்லையை முடிவு செய்யாதீர்கள். இந்தப் பக்கத்து வேலிகள் மாடுகளுக்காகப் போட்டவை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே உரிமையாளராக இருக்கலாம். வேலியே இல்லாத வெட்டவெளியில் மூன்று பேருடைய நிலம் சந்திக்கலாம். கேமரா ஒரு நிலத்திலும் நடிகர் இன்னொரு நிலத்திலும் நிற்கிற நிலைமை இங்கே சர்வ சாதாரணம். அப்போது இரண்டு அனுமதி வேண்டும்.

நடைமுறையில் அதிகம் எதிர்ப்படும் உரிமையாளர்களைப் பார்ப்போம்.

லோன் பைன் ஊருக்கு மேற்கே இருக்கும் அலபாமா ஹில்ஸ், எல்லோரும் போக விரும்பும் அந்தப் பாறைக்காடு, பெரும்பாலும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையுடையது. பி.எல்.எம். என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். 2019-இல் இயற்றிய சட்டம் ஒன்று இதைத் தேசியக் கண்கவர் பகுதியாக அறிவித்தது. படப்பிடிப்புக்கு அங்கே தடை இல்லை. பல தலைமுறையாக அங்கே படம் எடுத்து வருகிறார்கள், அலுவலர்களுக்கும் பழக்கம்தான். குறிக்கப்பட்ட பாதையை விட்டு வண்டி இறங்குவதுதான் அவர்களுக்குப் பிடிக்காது. பாலைவன மண்ணில் விழும் டயர் தடம் பல ஆண்டுகள் அழியாது. ‘ஒரே ஒரு ஷாட்டுக்காக வண்டியைப் பாறை அருகே கொண்டுபோகிறோம்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால், எளிய அனுமதியாக முடிய வேண்டியது சுற்றுச்சூழல் ஆய்வாக வளர்ந்து மாதக்கணக்கில் இழுக்கும். மண்ணைத் தோண்டுவது, செட் போடுவது, பெயின்ட், வெடி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வண்டியைப் பாதையிலேயே நிறுத்தி, நீளமான லென்ஸ் போட்டு எடுக்க முடியுமா என்று இயக்குநரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சிறிய குழுவுக்கு ஒரு நல்ல செய்தி. 2025 ஜனவரி 4-ஆம் தேதி கையெழுத்தான எக்ஸ்ப்ளோர் சட்டம் மத்திய அரசு நிலங்களில் படமெடுக்கும் விதிகளைத் தளர்த்தியது. வணிகப் படமா, சொந்தப் படமா என்ற பழைய கேள்வி போய், எத்தனை பேர், என்ன சாமான், எவ்வளவு தொந்தரவு என்பது அளவுகோல் ஆனது. தேசியப் பூங்காக்களில் எட்டுப் பேர் அல்லது அதற்குக் குறைவு, கையில் தூக்கிப் போகிற கருவிகள் மட்டும், பொதுமக்கள் போகிற இடம், யாரையும் தடுத்து நிறுத்தவில்லை, தனி இடம் ஒதுக்கக் கேட்கவில்லை, மற்ற விதி எதையும் மீறவில்லை என்றால் பெரும்பாலும் பெர்மிட் தேவைப்படாது. எட்டில் நடிகர்களும் சேர்த்தி. இதை மறந்து, டெக்னீஷியன் எட்டு, நடிகர் நான்கு என்று போகிறவர்களுக்குத்தான் சிக்கல். பி.எல்.எம்., வனத்துறை நிலங்களுக்கும் அதே சட்டம்தான். ஆனாலும் அந்தந்தக் கள அலுவலகத்துக்கு, பி.எல்.எம். என்றால் பிஷப் ஊரில் இருக்கும் அலுவலகத்துக்கு, உங்கள் திட்டத்தை ஒரு மின்னஞ்சலாக அனுப்பி ‘இதற்கு பெர்மிட் வேண்டியதில்லை’ என்ற பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் ரேஞ்சர் வந்து கேட்டால் சட்டப் பிரிவை ஒப்பிப்பதைவிட அந்தக் கடிதத்தைக் காட்டுவது வேகமாக வேலை செய்யும்.

பெர்மிட் தேவைப்படும் அளவு குழு என்றால் மத்தியத் துறைகளில் செலவு இரண்டு தலைப்பில் வரும். குழுவின் அளவு, நாட்கள், கருவிகளைப் பொறுத்த இடக்கட்டணம் ஒன்று. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் படப்பிடிப்பன்று கண்காணிக்கவும் அலுவலர் செலவிடும் நேரத்துக்கான தொகை மற்றது. பட்ஜெட்டில் பலரும் முதலாவதை மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். கண்காணிப்பாளர் நாள் முழுக்க இருந்தால் இரண்டாவது முதலாவதைத் தாண்டிவிடும்.

டெத் வேலி தனிக் கதை. 1994 முதல் அது தேசியப் பூங்கா. அதன் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ‘வில்டர்னஸ்’, அதாவது இயற்கையாகவே விட்டுவைக்க வேண்டிய பகுதி, என்று வரையறுக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டு வில்டர்னஸ் சட்டப்படி அந்த எல்லைக்குள் மோட்டாரோ சக்கர வாகனமோ போகக்கூடாது. ஜெனரேட்டர் கிடையாது, சாமான் இழுக்கும் சக்கர வண்டியும் கிடையாது. தார்ச்சாலை ஓரத்திலிருந்து சில அடி தள்ளியே எல்லை தொடங்கிவிடும் இடங்கள் நிறைய. மணல்மேட்டில் டாலி (கேமராவை நகர்த்தும் சக்கர மேடை) போட்டு ஷாட் வைக்க நினைக்கிற ஒளிப்பதிவாளரிடம் ஸ்டோரிபோர்டு கட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தவர், வெளியூர்க்காரர்கள் யாரும் எதிர்பார்க்காத உரிமையாளர்: லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராட்சியின் நீர், மின் துறை. 1913-இல் திறந்த கால்வாய்க்குத் தண்ணீர் கொண்டுபோக வாங்கிய நிலங்கள் இவை. இன்யோ கவுண்டிக்குள் மட்டும் சுமார் 2.5 லட்சம் ஏக்கர். ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் நீங்கள் பார்க்கும் புல்வெளி, ஆற்றங்கரை, மாடு மேயும் இடம் எல்லாம் பெரும்பாலும் இவர்களுடையது. நடக்கவும் மீன் பிடிக்கவும் பெரும்பகுதி திறந்திருக்கிறது. அதற்காகப் படப்பிடிப்புக்கும் திறந்திருப்பதாக நினைக்கக் கூடாது. இந்த நிலங்களில் பல, மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டவை. துறையின் அனுமதி கையில் இருந்தாலும் குத்தகைக்காரரிடம் பேசாமல் போனால், காலை ஆறு மணிக்கு உங்கள் ஃபிரேமுக்குள் இருநூறு மாடு நிற்கும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதே போல, குத்தகைக்காரர் ‘எடுத்துக்கோங்க’ என்று சொன்னது உரிமையாளரின் அனுமதியும் ஆகாது.

ஓவன்ஸ் ஏரிப்படுகை இன்னும் குழப்பமானது. தண்ணீர் போன பின் வெள்ளை வெளேரென்று கிடக்கும் அந்த வெளியில் பெரும்பகுதி மாநில நில ஆணையத்துக்குச் சொந்தம். தூசி அடக்கும் வேலைகளை நடத்துவது லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்துறை. மேலே காய்ந்தது போலத் தெரியும் உப்புப் படலத்துக்கு அடியில் சேறு இருக்கும். வண்டி இறங்கினால் இழுத்து வெளியே எடுக்கப் பெரிய வண்டி வரவேண்டும், அதுவும் இறங்கும்.

பழங்குடி நிலங்களில் கவுண்டி, மாநில பெர்மிட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. பிஷப், பிக் பைன், ஃபோர்ட் இண்டிபென்டன்ஸ், லோன் பைன், டெத் வேலிக்குள் டிம்பிஷா ஷொஷோனி என்று ஒவ்வொன்றும் தனி அரசு. அந்தந்தக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும், அவர்கள் ‘இல்லை’ என்றால் மேல்முறையீடு செய்ய இடமில்லை. பிஷப்புக்கு வடக்கே உள்ள பாறைச் செதுக்கல்களை யார் நிலத்திலிருந்து எடுத்தாலும் இடம் அடையாளம் தெரியும்படி எடுக்காதீர்கள். 2012-இல் அங்கே சிலவற்றை அறுத்தே எடுத்துப் போனார்கள்.

இனி சாலை. பெரும்பாலான தகராறு இங்கேதான்.

395, 190, 136 போன்ற எண் போட்ட நெடுஞ்சாலைகள் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் பொறுப்பு. இந்தப் பகுதிக்கு 9-ஆம் மாவட்டம், அலுவலகம் பிஷப்பில். ஆனால் படப்பிடிப்பு விண்ணப்பத்தை நேராக அங்கே கொடுப்பதில்லை. மாநிலச் சாலைகள், மாநிலப் பூங்காக்கள், மாநிலக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் கலிஃபோர்னியா ஃபிலிம் கமிஷன்தான் பெர்மிட் கொடுக்கிறது. போக்குவரத்தை நிறுத்த வேண்டும் என்றால் நெடுஞ்சாலைக் காவல் படையின் அதிகாரிகள் வருவார்கள், அவர்கள் நேரத்துக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும். ‘சாலையை மூடித் தாருங்கள்’ என்று கேட்காதீர்கள். மாற்றுப்பாதை இல்லாத பள்ளத்தாக்கில் அது நடக்காது. விட்டு விட்டு நிறுத்தும் முறையைக் கேளுங்கள்: சில நிமிடம் நிறுத்தி, ஷாட் எடுத்து, சேர்ந்த வண்டிகள் முழுக்கப் போன பிறகு மறுபடி நிறுத்துவது. வெள்ளிக்கிழமை பிற்பகலும் விடுமுறை நாட்களும் பனிச்சறுக்குக்கும் முகாமுக்கும் போகிற கூட்டம் 395-இல் குவியும் நேரம். அந்த நேரத்தைக் கேட்டு விண்ணப்பத்தைப் பலவீனப்படுத்த வேண்டாம்.

காரில் கேமராவைப் பொருத்தி, போக்குவரத்தோடு போக்குவரத்தாக ஓட்டிக்கொண்டே எடுப்பதற்கும் மாநிலச் சாலையில் பெர்மிட் தேவை. ‘யாரையும் நிறுத்தவில்லையே’ என்பது பதில் ஆகாது.

கவுண்டி சாலை என்றால் கவுண்டி பொதுப்பணித் துறையின் என்க்ரோச்மென்ட் பெர்மிட், அதாவது சாலைக்கான இடத்தைப் பயன்படுத்தும் அனுமதி. ஓரமாக நின்று எடுக்க அது போதும். முழுமையாக மூட வேண்டுமானால் போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் என்னும் ஐந்து பேர் கொண்ட குழுவின் தீர்மானம் தேவைப்படலாம். இங்கேதான் காலக்கணக்கு உதைக்கும். பொது அமைப்புகளின் கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்னும் கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாகப் பொதுவில் ஒட்ட வேண்டும். அதற்கு முன் உங்கள் கோரிக்கையைப் பொதுப்பணித் துறை, ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்), கவுண்டி வழக்கறிஞர் என்று பலர் பார்த்து முடித்திருக்க வேண்டும். கூட்டம் வாராவாரம் நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் உங்கள் தேதியும் போய்விடும். சாலை மூடல் இருக்கிற படத்துக்கு ஆறு வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மூடல் இல்லாமல் காட்சியை மாற்றி எழுதுங்கள். அனேகமாக அதுதான் மலிவு.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் கவுண்டி ஃபிலிம் கமிஷனரிடம்தான் முதல் ஃபோன் போக வேண்டும். பெரிய நகரங்களில் ஓர் அலுவலகமே இருக்கும். கிராமப்புறக் கவுண்டிகளில் அந்த வேலை பெரும்பாலும் ஒரே ஆள் கையில். பெர்மிட் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் பெரும்பாலும் இல்லை. ஆனால் எந்த மேசையில் எந்தக் காகிதம் நகரும், எந்தப் பண்ணைக்காரர் படக்குழுவை அனுமதிப்பார், எந்தப் பாதை மழைக்குப் பின் தாங்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ‘அருமையான லொகேஷன் ஏதாவது சொல்லுங்கள்’ என்று மொட்டையாகக் கேட்டு அவர் நேரத்தை வீணடிக்காதீர்கள். தேதி, மாற்றுத் தேதி, ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் நேரம், ஆள் எண்ணிக்கை, வண்டிகளின் எண்ணிக்கையும் நீளமும், ஜெனரேட்டரின் அளவு, காட்சியில் என்ன நடக்கிறது என்ற நான்கு வரி, வரைபடம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அனுப்புங்கள். அந்த நான்கு வரியில் ‘சண்டைக் காட்சி’ என்று மட்டும் எழுதினால் பத்துக் கேள்வி திரும்பி வரும். ‘இருவர் கைகலப்பு, ஆயுதம் இல்லை, தீ இல்லை, ஓடும் வண்டி இல்லை’ என்று எழுதினால் வராது.

இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த அலுவலகமும் பெர்மிட்டைக் கையில் தராது. வழக்கமாகக் கேட்பது ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் பொதுப் பொறுப்புக் காப்பீடு. சான்றிதழ் அகார்ட் 25 என்ற படிவத்தில் வரும். அந்தச் சான்றிதழ் வெறும் தகவல் காகிதம், அதனால் மட்டும் கவுண்டிக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. கவுண்டியைக் கூடுதலாகக் காப்பீடு பெறுபவராகப் பாலிசியில் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் பக்கம் தனியாக இணைக்கப்பட வேண்டும். பெர்மிட் கொடுக்கும் அரசு அமைப்புகளுக்கு சி.ஜி. 20 12 என்ற படிவமும், மற்ற உரிமையாளர்களுக்கு சி.ஜி. 20 26 என்ற படிவமும் வழக்கமாகப் பயன்படும். ஒவ்வோர் உரிமையாளருக்கும் தனிச் சான்றிதழ். பெயரை அவர்கள் கொடுத்த வாசகத்தில் எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். நீர்த்துறை நிலம் என்றால் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராட்சி’ என்ற பெயர் வந்தாக வேண்டும், இன்யோ கவுண்டியின் பெயரில் வாங்கிய சான்றிதழை அங்கே நீட்டிப் பயனில்லை. விண்ணப்பதாரர் பெயரும் பாலிசியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். விண்ணப்பத்தில் இயக்குநரின் பெயர், பாலிசியில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் என்று இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல தாமதங்கள் இந்த ஒரு காரணத்தால்தான்.

பாலிசியில் எது விலக்கப்பட்டிருக்கிறது என்ற பக்கத்தை வாங்கும்போதே படியுங்கள். குறுகிய காலப் பாலிசிகளில் ட்ரோன், ஸ்டண்ட், விலங்குகள், வெடி ஆகியவை பெரும்பாலும் வெளியே நிற்கும். வாடகை வேன்களுக்கும் குழுவினரின் சொந்தக் கார்களுக்கும் தனி வாகனப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். சம்பளத்துக்கு ஒரே ஒருவரை வைத்தாலும் கலிஃபோர்னியாவில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம்.

தனியார் வீடு, பண்ணை என்றால் லொகேஷன் ஒப்பந்தம். கையெழுத்துப் போடுகிறவர் உரிமையாளரா என்று பார்சல் பதிவோடு ஒப்பிடுங்கள். பல பண்ணைகள் குடும்ப டிரஸ்ட் பெயரில் இருக்கும். அப்போது டிரஸ்டி என்ற தகுதியில் அவர் கையெழுத்திட வேண்டும். தயார் செய்யும் நாள், எடுக்கும் நாள், கலைத்துச் சுத்தம் செய்யும் நாள் மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மழையாலோ காற்றாலோ தள்ளிப் போனால் என்ன என்பதும், கூடுதல் காட்சிக்குத் திரும்பி வரலாமா என்பதும் இருக்க வேண்டும். எடிட்டிங் மேசையில் ஒரு ஷாட் குறைகிறது என்று தெரியும்போது இந்தக் கடைசி வரிதான் கைகொடுக்கும்.

ட்ரோனைப் பற்றி ஒரே வார்த்தை: கடைசி நாளில் சேர்க்காதீர்கள். மத்திய விமானப் போக்குவரத்துத் துறையின் பார்ட் 107 சான்றிதழ் உள்ள பைலட், பதிவு செய்த ட்ரோன், தரையிலிருந்து 400 அடி, கண்ணுக்கு எட்டும் தூரம் என்பவை வான்வெளி விதிகள். மேலே பறக்க அனுமதி இருப்பதும் அந்த நிலத்திலிருந்து கிளப்ப அனுமதி இருப்பதும் வேறு வேறு. தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை. வில்டர்னஸ் நிலத்திலிருந்து ஏற்றவோ இறக்கவோ முடியாது. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் மேல் ராணுவப் பயிற்சி வான்வெளி வேறு இருக்கிறது, போர் விமானங்கள் தாழப் பறக்கும். அதன் இரைச்சலுக்கு பெர்மிட் எதுவும் உதவாது. வசனக் காட்சி என்றால் ஒலிப்பதிவாளருக்குக் கூடுதல் டேக் நேரம் ஒதுக்குங்கள்.

தீ. ஒரு மெழுகுவர்த்தி என்றாலும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். தீ பரவும் அபாயம் என்று வானிலைத் துறை சிவப்புக்கொடி எச்சரிக்கை விடுத்தால் தீ உள்ள காட்சி நடக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். காய்ந்த புல்லின் மேல் கார் நிறுத்துவதும் தீ விஷயம்தான். வண்டிக்கு அடியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் சூடே போதும் பற்றிக்கொள்ள. நிறுத்தும் இடம் வெறும் மண்ணாகவோ ஜல்லியாகவோ இருக்கட்டும்.

காட்சியில் பொம்மைத் துப்பாக்கி, போலீஸ் உடை, ரத்தம், அலறல் எது இருந்தாலும் ஷெரிஃபின் டிஸ்பாட்சுக்கு (கட்டுப்பாட்டு அறைக்கு) அன்று காலையிலேயே ஃபோன் செய்து இடம், நேரம், பெர்மிட் எண், களத்தில் இருப்பவரின் எண் சொல்லிவிடுங்கள். வழியில் போகிறவர் 911-ஐ அழைத்தால், வெகுதூரத்தில் இருக்கும் ஒரே டெபுட்டி (ஷெரிஃபின் காவலர்) எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்களை நோக்கி வருவார், எந்த மனநிலையில் வருவார் என்று உங்களுக்கும் தெரியாது. முடிந்த பிறகு ‘முடிந்துவிட்டது’ என்று இன்னொரு ஃபோன்.

பெர்மிட், இன்சூரன்ஸ், வரைபடம், ஒப்பந்தம் நான்கையும் அச்செடுத்து மூன்று செட் வைத்துக்கொள்ளுங்கள்: லொகேஷன் மேனேஜரிடம் ஒன்று, உதவி இயக்குநரிடம் ஒன்று, முன்னால் போகும் வண்டியில் ஒன்று. மலை அடிவாரத்தில் சிக்னல் இருக்காது. கைபேசியில் இருக்கும் பி.டி.எஃப். அங்கே திறக்காது. அருகில் உள்ள மருத்துவமனை, தெற்கே லோன் பைன், வடக்கே பிஷப், இரண்டில் எது பக்கம் என்று அன்றைய வேலைத் திட்டத்தாளான கால்ஷீட்டில் அச்சிடுங்கள். கேட்டுகளைத் திறந்து கிடந்தால் திறந்தபடியும் மூடிக் கிடந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள். போகும் முன் தரையைப் படம் எடுங்கள், கிளம்பும்போது அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். பிணைத்தொகை கட்டியிருந்தால் அதைத் திரும்ப வாங்க இந்த இரண்டு படமும் வேண்டும்.